ஓடத் தெரியாதவர் மதுரை ஓட்டக் குழுவில் சேரலாமா?

கேள்வி: வங்கி வேலையில் மாற்றலாகி சேலத்திலிருந்து மதுரைக்கு வந்திருக்கிறேன். வயது 38. அலுவலக நண்பர் ஒருவர் தங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவுக்கு வரச்சொல்லி, வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டார். ஒரே கலகலப்பு, எல்லாரும் மாமன் மச்சான் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டவள். 200 மீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. கடைசியாக வந்து எல்லாரையும் காக்க வைப்பேனோ என்று தயக்கமாக இருக்கிறது. கொஞ்சம் தேறிய பிறகு சேரலாமா, இப்போதே போகலாமா?

பதில்:

இப்போதே போங்கள். ‘கொஞ்சம் தேறிய பிறகு’ என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். தனியாக ஓட ஆரம்பிக்கிறார்கள். கூட ஆள் இல்லாததால் வேகத்துக்கு அளவு தெரிவதில்லை. முன்னங்கால் எலும்போ முழங்காலோ வலிக்கிறது, ஷூ அலமாரிக்குப் போய்விடுகிறது. நான் மதுரையில் பல வருடமாகக் குழுவோடு ஓடுகிறேன். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பின்வரிசையில் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், வேகம். ஓட்டம் என்றதும் நம் மனதில் வருவது பள்ளி விளையாட்டு விழாவின் 100 மீட்டர். அந்த வேகத்தில் 200 மீட்டர் போனால் யாருக்கும் மூச்சு வாங்கும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் திக்காமல் சொல்ல முடிகிற வேகம் எதுவோ, அதுதான் முதல் சில மாதங்களுக்கு உங்கள் வேகம். அது நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். இருக்கட்டும். அந்த வேகத்தில் தசைக்கு வேண்டிய பிராணவாயு தட்டுப்பாடு இல்லாமல் போய்ச் சேர்கிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு மெதுவாகக் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. மூச்சு சில வாரங்களில் சீராகிவிடும். ஆனால் எலும்பும் தசைநாணும் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சரியாகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிற அந்த இரண்டாவது மாதத்தில்தான் புதியவர்கள் அதிகம் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சு வேகத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. குழுவில் உங்களுக்கு ஆட்கள் பழக்கமாவதும் அந்த வேகத்தில்தான். முன்னால் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் ஓடுவார்கள். மகளின் பிளஸ் டூ மார்க், வீட்டு வாடகை, எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்கிற பேச்செல்லாம் பின்வரிசையில்தான் நடக்கும். ஊருக்குப் புதிதாக வந்த உங்களுக்கு வேண்டியதும் அந்த வரிசைதான்.

அரட்டைக்காக ஓடுவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1938இல் கோலாலம்பூரில் ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் சேர்ந்து ‘ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஒருவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் போடுவார், மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள், முடிவில் எல்லாரும் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். தடம் நடுநடுவே அறுந்துபோகும். வேகமாகப் போனவர்கள் தப்பான பக்கம் போய்த் திரும்புவதற்குள் மெதுவாக வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். மெதுவாக ஓடுகிறவரைக் குழுவோடு வைத்திருக்க அவர்கள் கண்டுபிடித்த உபாயம் அது. இன்று அந்தப் பெயரில் உலகமெங்கும் குழுக்கள் இருக்கின்றன. மதுரைக் குழுக்களில் பீருக்குப் பதில் டீ, தடத்துக்குப் பதில் ஸ்வீப்பர்.

ஸ்வீப்பர் யாரென்று சொல்கிறேன். நல்ல குழுக்களில் ஒவ்வொரு ஞாயிறும் அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளோடு வர ஒப்புக்கொள்வார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் பொறுப்பு. வேகமாக ஓடக்கூடிய ஆட்களே இதை முறை வைத்துச் செய்வார்கள். ஆகவே நீங்கள் கடைசியாக வருவதால் யாருடைய ஓட்டமும் கெடாது. முன்னால் போனவர்கள் முடித்துவிட்டு உடம்பை முறுக்கி நீட்டிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் திரும்பி உங்களைப் பார்த்து ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு அது கூடுதலாக ஒரு கிலோமீட்டர்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தெப்பக்குளத்தில் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தேகால் மணிக்கு இருட்டாகத்தான் இருக்கும். மாரியம்மன் கோவில் பக்கம் பைக்குகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒருவர் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டிருப்பார், ஒருவர் கைப்பிடிச் சுவரில் கால் வைத்து லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். ‘வாங்கக்கா, புதுசா?’ என்று ஐம்பது வயதுக்காரர் உங்களை அக்கா என்பார். இந்த ஊரில் அது மரியாதை, வயதுக் கணக்கு பார்க்காதீர்கள். பிறகு வட்டமாக நின்று கை கால் சுழற்றுவார்கள். புதிதாக வந்தவர் பெயர், ஊர், வேலை சொல்ல வேண்டும். நீங்கள் சேலம் என்றதும் யாராவது மாம்பழத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், எல்லாரும் சிரித்துக் கை தட்டுவார்கள். அவ்வளவுதான் அறிமுகம். அப்புறம் யார் எத்தனை கிலோமீட்டர், என்ன பேஸ் என்று கேட்டுப் பிரிப்பார்கள். ‘பேஸ் 6’ என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். உங்களைக் கேட்டால் ‘நடையும் ஓட்டமும், ஸ்வீப்பரோட வர்றேன்’ என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நடுக் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

நடையும் ஓட்டமும் என்பது ஒப்புக்குச் சொல்லும் சமாதானம் இல்லை. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பிரபலமாக்கிய முறை அது. நீங்கள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். இதைப் பத்து முறை செய்தால் அரை மணி நேரம். முக்கியமான விஷயம், மூச்சு முட்டும் முன்பே நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். முட்டிய பிறகு நடந்தால் மறுபடி ஓடத் தெம்பு வராது. வாரத்துக்கு மூன்று நாள், ஞாயிறு குழுவோடு, மற்ற இரண்டு நாள் வீட்டுப் பக்கத்தில். ஒவ்வொரு வாரமும் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் கொஞ்சம் குறைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிடலாம். ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று போனால் அது 40 நிமிட ஓட்டம். தாராளமாகப் போதும்.

எங்கே ஓடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், தொடக்கத்தில் இடம் ரொம்ப முக்கியம். உங்களுக்கு முதலிடம் தெப்பக்குளம்தான். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மேடு பள்ளம் கிடையாது, எங்கே நின்றாலும் மைய மண்டபம் கண்ணில் படும். முடியவில்லை என்றால் அப்படியே கைப்பிடிச் சுவர் பக்கம் ஒதுங்கி நிற்கலாம். உங்களை முந்திப் போனவர்கள் அடுத்த சுற்றில் மறுபடி பக்கத்தில் வருவார்கள், தனியாக விடப்பட்ட மாதிரியே இருக்காது. தை மாதத் தெப்பத் திருவிழா நாட்களில் மட்டும் அங்கே ஓட இடம் இருக்காது.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 400 மீட்டர் செயற்கை இழை ஓடுதளம் இருக்கிறது. காலுக்கு மெத்தென்று இருக்கும். அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. உள்பக்க வரிசைகள் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு. நாம் வெளி வரிசையில் ஓட வேண்டும். நாலு பேர் கைகோத்த மாதிரி குறுக்கே நடப்பது கூடவே கூடாது. இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். சக்கிமங்கலத்துப் பாட்டி வளர்த்த பேத்தி ரேவதி வீரமணி, ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர், மதுரையில் பயிற்சி எடுத்துத்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அப்படி ஒரு பிள்ளை நாளைக்கு அந்த முதல் வரிசையில் வரும்போது நாம் அரட்டை அடித்துக்கொண்டு வழியில் நிற்கலாமா?

கீழக்குயில்குடி சமணர் மலை, ஒத்தக்கடை யானைமலைப் பக்கமெல்லாம் குழு மாதம் ஒருமுறை போகும். அழகு சொல்லி முடியாது, குறிப்பாகச் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளமும் கருப்பசாமி கோவிலும். ஆனால் பாறையும் சரளையும் பழகாத கணுக்காலுக்கு ஆகாது. ஒன்றிரண்டு மாதம் போகட்டும். அதுவரை அந்த வாரங்களில் போய் அடிவாரத்தில் நடந்துவிட்டுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளுங்கள். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை பௌர்ணமி அன்று பக்தர்களுக்கு உரியது, அன்று ஓட வேண்டாம். அழகர்கோவில் சாலை அரை மாரத்தான்காரர்களின் சாலை. மதுரையிலிருந்து கோவில் சுமார் 21 கிலோமீட்டர், அரை மாரத்தான் 21.0975. நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஓட யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். ஏழு கிலோமீட்டர் நீளப் பாலம், வண்டிகள் பறக்கிற இடம்.

செலவு என்று பார்த்தால் ஷூ ஒன்றுதான். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். கடைக்காரர் காட்டும் விலை உயர்ந்ததைவிட, போட்டதும் எங்கேயும் உறுத்தாததே உங்களுக்கான ஷூ. சுரிதாரில் ஓடுகிறவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள், துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். பருத்தித் துணி வியர்வையில் நனைந்து கனத்து உரசும். விளையாட்டுக்கென்று விற்கும் லேசான டீ ஷர்ட் அதைவிட நல்லது. பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு நிகரான அவசியம், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். உரசும் இடங்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். கடிகாரம், பெல்ட், கண்ணாடி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெண் என்பதால் தயக்கம் இருந்தால் அதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸில்தான். அவ்வளவு தூரம் பெண்களால் ஓட முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் விடியற்காலையில் ஒரு பெண் தனியாக ஓடினால் திரும்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேரோடு ஓடினால் வழி விடுகிறார்கள். குழு இதற்கும்தான். போவதற்கு முன், குழுவில் தொடர்ந்து வரும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர் நம்பர் கிடைக்குமா என்று நண்பரிடம் கேளுங்கள். அந்த அக்காவோடு முதலில் பேசிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். கழிப்பறை எங்கே இருக்கிறது, திரும்பும்போது யார் அந்தப் பக்கம் வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கேலி விஷயம். மதுரைக் குழுக்களில் கேலி அதிகம். வேகமாக ஓடுகிறவரை ‘என்ன மாப்ள, கடன்காரன் துரத்துறானா’ என்பார்கள், லேட்டாக வந்தவரிடம் ‘வாங்கண்ணே, சாப்பாட்டுக்குக் கரெக்டா வந்துட்டீங்க’ என்பார்கள். உங்களைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பு, எடை, குடும்ப நிலைமை பற்றி யாராவது பேசினால் சிரித்து மழுப்ப வேண்டியதில்லை. ‘அந்தப் பேச்சு வேண்டாம்ணே’ என்று ஒரு தடவை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். உருப்படியான குழுவில் அடுத்த நிமிடமே மூத்தவர் ஒருவர் பேச்சை மாற்றிவிடுவார். அப்படி யாரும் செய்யவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். இந்த ஊரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

ஓட்டம் முடிந்ததும் ‘வீட்ல வேலை இருக்கு’ என்று ஓடிவிடாதீர்கள். குழு உண்மையில் கூடுவது அதற்கப்புறம்தான். நனைந்த பனியனோடு டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் கிளாஸை இன்னொருவர் மாற்றி எடுத்து, யாருடைய அம்மாவுக்கோ கண் ஆபரேஷன், யார் கூடப் போவது என்று அங்கேயே முடிவாகும். சில வாரம் பருத்திப்பால். பருத்தி விதையை அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சித் தருவார்கள். ஓடிய வயிற்றுக்கு அதைப் போல இதமானது கிடையாது. கோடை தொடங்கினால் பதநீர். மாதம் ஒருமுறை எல்லாரும் இட்லிக் கடைக்குப் போவார்கள். காசு பெரும்பாலும் ஒருவர் கொடுத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று குழுவில் போடுவார். அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், இந்தச் சின்ன விஷயத்தில்தான் பேர் கெடும். பிறந்தநாள்காரர் டீ வாங்கித் தருவது வழக்கம். முதல் நாள் உங்களைக் கொடுக்க விடமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு நூறு செய்தி வரும். சத்தத்தை அணைத்து வையுங்கள். மேலே பின் செய்து வைத்திருக்கும் இடமும் நேரமும் மட்டும் பாருங்கள். சனிக்கிழமை ‘யார் வர்றீங்க’ என்று கேட்கும்போது ஒரு கைத்தூக்கல் போட்டால் போதும், அதை வைத்துத்தான் ஸ்வீப்பரையும் தண்ணீரையும் ஏற்பாடு செய்வார்கள். வரேன் என்றுவிட்டு வராமல் போனால் இருட்டில் பத்து நிமிடம் உங்களுக்காக நிற்பார்கள்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நெருக்கடி வரும். ஊரில் ஏதாவது 10 கிலோமீட்டர் போட்டி அறிவிப்பார்கள், குழுவே பதிவு செய்யும், ‘நீங்களும் போடுங்கக்கா, முடிஞ்சிரும்’ என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். 5 கிலோமீட்டர் பிரிவு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அன்று தண்ணீர் மேசையில் நின்று டம்ளர் நீட்டுங்கள். அந்த ஒரு காலையில் குழுவில் பாதிப் பேருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

உடம்பு பற்றி இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உங்களுக்கோ, இதயக் கோளாறு சிறு வயதிலேயே அப்பா அம்மாவுக்கோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று ஸ்வீப்பரிடம் சொல்ல வேண்டும், ‘பரவாயில்லை’ என்று இழுக்கக் கூடாது. இரண்டாவது, மதுரை வெயில். மே மாதக் கத்திரியில் 40 டிகிரியைத் தொடும், விடியற்காலையிலேயே புழுங்கும். அப்போது அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். பேச்சு திக்கினால் நடந்துவிடுங்கள், குளிர்காலத்து நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, குழுவோடு சேர்ந்து நின்று, மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். ஓடினால் துரத்தும்.

எப்போது போகலாம் என்றால், வரும் ஞாயிறே போகலாம். சித்திரைத் திருவிழா வாரமாக இருந்தால் மட்டும் அடுத்த வாரம்; எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று அங்கிட்டும் இங்கிட்டும் சாலையை அடைத்திருப்பார்கள், குழுவும் கூடாது. புறப்படும் முன் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும் போதும். சனிக்கிழமை மாலை உங்கள் நண்பரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கே கூடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, நாளைக்கு ஸ்வீப்பர் யார்? மூன்றாவதற்கு அவர் சட்டென்று ஒரு பெயர் சொன்னால் நிம்மதியாகப் போங்கள். யோசித்தார் என்றால், ‘அப்ப நாளைக்கு நீங்களே என்கூட வந்துருங்க’ என்று அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.